கரண்ட் போன நேரம்

பொறையாறு கடைத்தெருவுக்குப் பின்னால்
நெல் கிடங்காக இருந்த கட்டடம்.
சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டி
ஒலிப்பதிவுக்கூடம் என்று பெயர் வைத்தார்
ஞானாபரணம் ஐயர்.
மழை நாளில் இன்னும் உமி வாசம் வரும்.

முப்பது வருஷ ஊழியத்தில்
பிரசங்க பீடம் ஆறே வருஷம்.
மீதியெல்லாம் மைக்.

நான் கடிதப் பிரிவு.
பிரிவு என்றால்
நானும் ஒரு மேசையும்
'ழ' பாதி மட்டும் விழும் ஒரு தட்டச்சு இயந்திரமும்.

ராத்திரிதான் மும்முனை மின்சாரம்.
வந்த நொடியில் வயலெல்லாம் பம்புசெட் இரையும்.
கரண்ட் போகும், பம்பு நிற்கும்,
ஐயர் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடுவார்.
எட்டு டார்ச் பேட்டரி போட்ட டேப் ரிக்கார்டர்,
மெழுகுவர்த்தி, ஒரு சொம்பு வெந்நீர்.
ஊரே இருட்டைத் திட்டும் அரை மணிக்குள்
வெளிச்சத்தைப் பற்றிப் பேசி முடித்துவிடுவார்.

ஐப்பசித் தவளைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.
அந்த மாத நாடாக்களில்
சங்கீதக்காரனுக்குப் பக்கவாத்தியம் உண்டு.

நாடா விமானம் ஏறிப் போகும்.
ஏதோ ஒரு தீவிலிருந்து
ஆறு வாரம் கழித்து
சிற்றலையில் எங்கள் தலைக்கு மேல் திரும்பி வரும்.
"அன்பு நேயர்களே, சுகமா?"

சுகமா என்று கேட்டால் விடுவார்களா?
வாரம் ஒரு சாக்குக் கடிதம்.
'மேட்டூர் எப்போது திறக்கும்,
உங்கள் ஆண்டவரிடம் கேட்டுச் சொல்லவும்.'
இது வலங்கைமான்.
'குருவையில் புகையான். என்ன மருந்து?'
'மாமியார் மனந்திரும்புவாரா,
நான் தனிக்குடித்தனம் போகலாமா?'
குவைத்திலிருந்து ஒருவர், கேள்வியே இல்லை:
'தவளை கேட்டது. எங்கள் ஊர்த் தவளை.
அடுத்த வாரமும் போடவும்.'

எல்லோருக்கும் பதில் உண்டு.
தெரியாததற்குத் 'தெரியவில்லை' என்றே அடிக்கச் சொல்வார்.
தணிக்கைக்கு வந்தவர் கேட்டார்:
எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள்?
ஐயர் நோட்டைப் புரட்டி,
"புகையானுக்கு மருந்து கேட்டவர் நாற்பத்தொன்று" என்றார்.
மறுவருஷம் மானியம் குறைந்தது.

பங்குனியில் கிருபாவதியம்மா போய்ச் சேர்ந்தார்.
மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.
கல்லறைத் தோட்டத்து ஈர மண் செருப்பில் ஒட்டியிருக்க
ஐயர் நாற்காலியில் இருந்தார்.
எட்டேகாலுக்கு யாரோ, பழக்கதோஷம்,
ரேடியோவைத் திருகிவிட்டார்கள்.

"அன்பு நேயர்களே, சுகமா?
இங்கே நாங்கள் எல்லோரும் சுகம்."

ஆறு வாரத்துக்கு முந்தைய சுகம்.
அணைக்க எழுந்தேன்.
உட்காரும்படி கை காட்டினார்.

நாயீன் ஊர் வாசலில் பாடை நின்ற கதை.
விதவை அழுகிறாள்,
அழாதே என்று ஒருவர் சொல்கிறார்,
அந்த இடத்தில்
இரைச்சலுக்கு அடியில், சுவருக்கு அந்தப் பக்கம்:

"கரண்ட் வந்தாச்சு. சாப்பிட வாங்க."

அப்புறம் பம்புசெட்.

அதை வெட்டிவிடலாம் என்று அன்றே சொன்னேன்.
நாடா விற்கிற விலையில்
திரும்பப் பேச வேண்டாம் என்று விட்டிருந்தார்.
கதை முடிந்து, ஜெபம் முடிந்து,
வேறு பாஷையில் யாரோ செய்தி வாசிக்கும்வரை
அறையில் ஒருவரும் அசையவில்லை.

அடுத்த சாக்கில் எட்டுப் பேர் கேட்டிருந்தார்கள்
சாப்பிடக் கூப்பிட்டது யார் என்று.
குவைத்துக்காரர் மட்டும்
'நானும் எழுந்து போய்ச் சாப்பிட்டேன்' என்று எழுதியிருந்தார்.

ஐயர் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
பிரசங்கம் எதுவும் சொல்லவில்லை.
"என் மனைவி, என்று அடி.
அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு, என்று அடி."

அடித்தேன்.
குழம்பில் 'ழ' பாதிதான் விழுந்தது.
பேனாவைத் திறந்து
மீதியை அவரே போட்டார்,
ஒன்பது கடிதத்திலும்.