செங்கல் கணக்கு

படிவத்தில் பன்னிரண்டாம் கேள்வி:
வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது, செ.மீ.யில்.

செ.மீ.யில் யாரும் சொல்லவில்லை.
ஃபிரிட்ஜுல ரெண்டாவது தட்டு, என்றார் தில்ஷாத்.
மாசக் காலண்டர்ல கடைசி ரெண்டு வாரம் நனைஞ்சுது, என்றது எதிர்வீடு.
இதோ இவன் தாடை வரைக்கும், என்று மகனைக் கூப்பிட்டார் கன்னியப்பன்.
அப்போது அவன் இரண்டாம் வகுப்பு.
கதவுக்குக் குனிந்து வெளியே வந்தவன்
என்னைவிட உயரமாக இருந்தான்.

டேப்பை நீட்டுவதும் சுருட்டுவதுமாக
முழங்காலை ஐம்பது, இடுப்பைத் தொண்ணூறு
என்று பெயர்த்து எழுதிக்கொண்டே போனேன்.

பதினேழாம் எண்ணில் கோடே இல்லை.
சுவரில் புது வெள்ளையின் வாசனை.
இந்த ஏரியாவுக்கே தண்ணி வந்ததில்லம்மா,
என்றார் வீட்டுக்காரர்.
அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற குடித்தனக்காரப் பெண்
உள்ளங்கையைக் கவிழ்த்து
மார்புக்கு நேரே பிடித்துக் காட்டினாள்.
பேனா எழுதவில்லை என்பதுபோல் உதறிவிட்டு
எழுதினேன்: நூற்றுப் பத்து.

முப்பத்தொன்றாம் கேள்வி:
தகவமைப்பு நடவடிக்கை ஏதேனும் மேற்கொண்டீர்களா?
ஆம் / இல்லை.
அந்தச் சொல்லை நானே
பயிற்சி நாளில்தான் முதலில் கேட்டேன்.
அதெல்லாம் எங்களால எங்கம்மா, என்றது தெரு முழுக்க.
இல்லை. இல்லை. இல்லை.

இல்லை என்ற வீட்டில்
ஃபிரிட்ஜின் நான்கு காலுக்கும் மும்மூன்று செங்கல்.
பிளக் பாயிண்ட் என் காதுக்கு நேரே.
ரேஷன் கார்டும் மார்க் ஷீட்டும்
மூடி இறுகிய மாவு டப்பாவில், பரண்மேல்.
புயல் பேரைச் சொன்ன அன்றே
சகாயராஜ் ஆட்டோவை
வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றிவிடுவாராம்.
ஃபைன் போட்டா போடட்டும்,
இன்ஜின் விலைக்கு அது கம்மிதானே.

சாயங்காலம் அலுவலகத்தில்
பொறியாளர் ஒரு பொத்தானைத் தட்ட
நான் நடந்த தெரு மொத்தமும் சிவந்தது.
தயார்நிலை, பூஜ்யம்.

சார், செங்கலுக்கு ஒரு கட்டம் வேணும்.

சிரித்தார்.
அப்புறம் சிரிக்காமல் கேட்டார்:
உங்க வீட்ல எத்தனை?

ரெண்டு, சார்.

எங்க வீட்ல அஞ்சு,
என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரையில் அவர் தெருவைத் தேடினேன்.
பச்சையாக இருந்தது.