புள்ளி விழவில்லை

முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை.
சார்பதிவாளர் ஆபீஸ் எழுத்தர்
சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்:
'வடககில வாயககால.'
ஒரே பக்கத்தில் இருபத்தேழு மெய் பழுது.
பத்திரம் எழுதும் கலியமூர்த்தி அண்ணன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"என்ன தங்கச்சி, புள்ளியெல்லாம் எலி தின்னுடுச்சா?"

பழைய தட்டச்சு முறையில்
புள்ளி வலக்கைச் சுண்டுவிரலின் வேலை.
பதினோரு வருஷமாக அது
சொல்லாமல் போய்ச் சொல்லாமல் திரும்பும்,
அடுத்த வீட்டுப் பூனை மாதிரி.
அன்றைக்கும் போய்வந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஊக்கால் குத்திப் பார்த்தேன்.
மோதிரவிரலில்
தூரத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி.
சுண்டுவிரலில்
யாருமே இல்லை.

ராத்திரியில் மட்டும் எறும்பு.
தோள்பட்டையில் கிளம்பி
முழங்கையின் உட்பக்கமாக இறங்கும் ஒரு சூட்டுக் கோடு.
தமிழரசன் தைலம் தேய்த்தபடியே தூங்கிப்போவான்.
அவன் கை என் தோளிலேயே கிடக்கும்.
அந்த எடையும் சேர்ந்து வலிக்கும்.
எழுப்ப மனசு வராது.

தஞ்சாவூரில்
கழுத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள்.
ஆறாயிரத்து ஐந்நூறு.
ஏழாவது எலும்புக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஜவ்வு பிதுங்கி நரம்பின்மேல் ஏறியிருக்கிறதாம்.
"ஆக்கிரமிப்பு" என்றேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.
"எப்படி உட்காருவீங்க, காட்டுங்க."
காட்டினேன்.
பேனா முனையால் என் தாடையைத் தொட்டார்.
"தலை அஞ்சு கிலோதாம்மா.
குனியக் குனியக் கழுத்துக்கு அது அரிசி மூட்டை."

எனக்கு அது வேறு கணக்கில் புரிந்தது.
எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி.
மேட்டூரில் தண்ணீர் திறந்து
டி.வி.யில் பூத் தூவுவார்கள்.
இருபது நாள் கழித்தும்
முள்ளியாற்றுக்குள் ஆடு மேயும்.
மேலே எங்கேயோ ஒரு ஷட்டர் பாதியில் சிக்கியிருக்கும்,
காய்வது கடைமடை.
நான் மூன்று மாதமாக
விரலுக்குத் தைலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஃபிசியோ ரஹ்மத் நிஷாவுக்கு என்னைவிட வயது கம்மி.
"தாடையை உள்ள இழுங்கக்கா.
பிடிக்காத ஆள் முத்தம் கேட்டா இழுப்பீங்கள்ல, அப்படி."
பத்து தடவை. மணிக்கு ஒரு தரம் எழுந்து நிற்கணும்.
மானிட்டரைக் கண்ணுக்கு நேராக ஏற்றணும்.

ஏற்ற எங்கள் கடையில் என்ன இருக்கிறது?
பிழையால் திரும்பி வந்த பத்திரக் கட்டு இரண்டு.
என் மொட்டை எழுத்துகளும் அதற்குள்தான்.
அதன்மேல் ஏறி உட்கார்ந்தது மானிட்டர்.

நிமிர்ந்தால்
விளிம்புக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருந்தார்கள்.
இத்தனை வருஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம்
அவர்கள் குரல், இனிஷியல்,
தகப்பனார் பெயர், செருப்பு.

இன்றைக்கு எதிரே ராசாயாள்.
லேட் மாரிமுத்து மனைவி, வயது அறுபத்து மூன்று.
நஞ்சை, எழுபத்திரண்டு சென்ட்.
வாங்குகிறவர் போனில் பேசிக்கொண்டே
வெளியே நிற்கிறார்.
இடது புருவத்தில் தழும்பு இருக்கிறது அவளுக்கு.
இதைப் பத்திரத்தில் எழுதுவோம், அங்க அடையாளம் என்று.
எத்தனை தழும்பு எழுதியிருப்பேன்,
ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

'சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது'
அடித்துவிட்டு நான்கெல்லைக்கு வருகிறேன்.
"வாய்க்கால் எந்தப் பக்கம்மா?"
கையை மட்டும் வடக்கே நீட்டுகிறாள்.
"அந்தாண்ட. தண்ணி வராது.
வாய்க்கால்னு மட்டும் போட்டுக்க."

வடக்கில்.
இரண்டு புள்ளி வேண்டும் இந்தச் சொல்லுக்கு.
சுண்டுவிரல் போய்ச் சேர்ந்ததா என்பதை
இப்போதெல்லாம்
திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.
முதலாவது விழுந்திருக்கிறது.
இரண்டாவதற்கு
மோதிரவிரலை அனுப்பினேன்.