இரண்டாவது கட்டம்

விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள்:
உதவித்தொகை பெறுபவர்,
சொந்தச் செலவில் பயில்பவர்.
இரண்டாவதில் டிக் அடித்தேன்.
மை கொஞ்சம் கோட்டுக்கு வெளியே போயிற்று.

நெறியாளர் மறைக்கவில்லை.
"மேசை உண்டு, மைக்ரோஸ்கோப் உண்டு,
பணம் இல்லை.
எலி வேண்டாம், வரிக்குதிரை மீனும் வேண்டாம்,
தீனி வாங்கியே தீர்ந்துபோவாய்.
உன் கடற்கரையில் என்ன சும்மா கிடைக்கும்?"

முட்டத்தில் வள்ளங்கள் கரையேறும் நேரம்
வலைக்கண்ணில் மாட்டிக் கிடந்தன கடல் முள்ளெலிகள்.
கல்லில் தட்டி உடைத்து வலையை மீட்டுக்கொண்டிருந்தார் ததேயுஸ்.
"இது எதுக்கு மக்ளே, கறிக்கும் ஆவாதே?"
கரு வளர்வதைப் பார்க்க, என்றேன்.
"யாருக்க கரு?"
இதுக்க கருதான்.
சிரிக்காமல், முள் குத்தாமல்
எட்டை எடுத்து வாளியில் விட்டார்.

வாளிக்கு லக்கேஜ் கேட்டார் கண்டக்டர்.
வெள்ளிச்சந்தை வளைவில் கால்வாசிக் கடல்
என் செருப்பில்.

வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.
ஊசி போட்டால் ஆண் பாலாய்க் கசியும்,
பெண் மங்கிய மஞ்சளாய்.
எட்டில் ஏழு ஆண்.
அந்த ஒருத்தி போதுமானவளாக இருந்தாள்;
ஆயிரக்கணக்கில் உதிர்த்தாள்.

துளியோடு துளி சேர்த்த ஒரு நிமிடத்துக்குள்
முட்டையைச் சுற்றி ஒரு வளையம் எழும்பியது,
உள்ளே ஆள் வந்தாயிற்று என்று
கதவைச் சாத்துவதுபோல.
முதல் பிளவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.
அதற்குள் இருபது டியூஷன் விடைத்தாள்,
தாளுக்கு ஆறு ரூபாய்.
கருக்கோளம் வரையச் சொன்ன கேள்விக்கு
ஒருவன் பூசணிக்காய் வரைந்திருந்தான்.
அரை மதிப்பெண் போட்டேன்.

என் ஆய்வேட்டில் வலப்பக்கம் செல்கள்: இரண்டு, நான்கு, எட்டு.
இடப்பக்கம் ரூபாய்: வடிதாள் 340, பஸ் 46,
பருவக் கட்டணம், அதன் நேரே
"அம்மா வளையல் 2, தக்கலை."
இடம் வலமாய்ப் பெருகவில்லை எதுவும்,
வலப்பக்கம் மட்டும்.

இரண்டாம் நாள் மாலை மின்சாரம் போனது.
ஏப்ரல் வெயிலில் அறை வெந்தது.
ஈரத் துண்டில் தட்டுகளை வைத்து
புத்தக அட்டையால் விசிறினேன், ஏழு மணி வரை.
மூன்று தட்டு கலங்கிப்போனது.
நான்காவது தப்பித்தது, ஏனென்று தெரியாது;
தெரியாது என்றே எழுதியும் வைத்தேன்.

மூன்றாம் நாள்
கண்ணாடிக் கூடாரம்போல் கைநீட்டி நீந்தின.
இதுவரை யாரும் ஊட்டவில்லை,
முட்டையில் இருந்த கையிருப்பிலேயே
இவ்வளவும் கட்டிக்கொண்டன.
இப்போது வாய் திறந்துவிட்டது.
நுண்பாசிக் குப்பி, விலைப்பட்டியலில் 2,100.

மாடிப்படி இறங்கித் தாவரவியல் ஆய்வகத்தில்
பெனிட்டாவிடம் கேட்டேன், ஒரு குழாய் போதும்.
"எப்பத் திருப்பித் தருவே?"
பெருகினதும்.
அவள் குழாயை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தாள்,
பச்சை மேலெழும்பிற்று.

இடப்பக்கத்தில் எழுதினேன்:
பாசி, ஒன்று, கடன்.