வெள்ளி, நான்கு மணி

கருத்தரங்க அறையில் வழக்கமான குளிர்.
கறிபாப் இலவசம் என்பதால்
இயற்பியல் துறையிலிருந்தும் இருவர்.

முப்பத்தோராவது படத்தில்
என் மரபணு.
நான்கு வருடமாய் எனக்கு மட்டுமே தெரியும்
என்றிருந்த அதே வளைகோடு,
கோப்பன்ஹேகன்காரர் தீட்டிய நீலத்தில்.

அஷிகின் என் முழங்கையைத் தொட்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
கறிபாப்பை முழுதாகத் தின்று முடித்தேன்.

எதிர்க் கட்டடக் குலுக்கியில்
என் பாக்டீரியாக்கள்
இந்த உரை முடிவதற்குள்
ஒரு தலைமுறை கண்டிருக்கும்,
சேதி தெரியாமல்.

கேள்வி நேரம்.
எத்தனை டிகிரியில் வளர்த்தீர்கள்?
முப்பத்தேழு.
முப்பதில்?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பார்க்கவில்லை."

கெண்ட் ரிட்ஜ் சரிவெங்கும் மழை.
குடை நாற்காலிக்கடியில் கிடக்கிறது.
ஏழு டிகிரி இருக்கிறது இன்னும் எனக்கு.
ஓடுகிறேன்.