கதிரையை இழுப்பது மட்டும்

நாளுக்கு நாலு மணித்தியாலம் படிப்பேன் என்று
மூன்று தைப்பொங்கல் காலையில் சத்தியம் செய்தேன்.
மூன்று முறையும் வரிப் பாடம்
என்னைத் திருப்பி அனுப்பியது,
விலாசம் பிழைத்த கடிதம் மாதிரி.

நாலாம் வருஷம் சத்தியம் ஏதும் இல்லை.
நாலரைக்கு எழும்பிக்
கதிரையை மேசைக்குக் கிட்ட இழுப்பது.
அவ்வளவுதான் ஒப்பந்தம்.
படிப்பதும் படிக்காததும் அதற்குப் பிறகு வரும் கதை.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்,
மாடிக்குப் பின்னால் ஒட்டவைத்த அறை.
கதிரைக்கு ஒரு கால் குட்டை.
இழுத்தால் தரை கீச்சிடும்,
இருந்தால் டொக் என்று ஒரு பக்கம் சாயும்.
கீழே ரொட்ரிகோ மாமி இருமுவார்.

பணக்காரர்கள் விடிய முன் எழும்புவார்களாம்,
வீடியோவில் ஒருவர் கைவிரல் நீட்டிச் சொன்னார்.
எங்கள் ஒழுங்கையில் விடிய முன் எழும்புகிறவர்கள்:
மீன்காரர் சில்வெஸ்டர்,
குப்பை லொறிப் பெடியன்கள் இரண்டு பேர்,
பிறகு நான்.
எங்கள் நாலு பேரையும் கூட்டினால்
ஒரு மாத வாடகை வராது.

போனை அரிசி வாளிக்குள் புதைப்பேன்.
யாரோ எங்கோ எதற்கோ சிரித்த செய்தி
சம்பாவுக்குள் உறுமும்.
மேலே கிடக்கும் நாலைந்து அரிசி மட்டும் நடுங்கும்.
முதல் கிழமை ஓடி ஓடித் தோண்டினேன்,
நகக்கண்ணில் தவிடு.
இரண்டாம் கிழமை
இருந்த இடத்திலிருந்தே நடுக்கத்தைப் பார்த்தேன்.
மூன்றாம் கிழமை
அது அரிசி வாளி.

பாணந்துறைப் பக்கமிருந்து முதல் ரயில் வர
ஜன்னல் கண்ணாடிக்குப் பல் கிட்டும்.
அடுத்த ரயில் வரை ஒரு கணக்கு.
ஒன்றே ஒன்று.
தேய்மானம், கழிவு, விலக்கு.
கடலுக்கு யார் வரி கட்டுகிறார்கள் என்று
ஓரத்தில் கிறுக்கிவிட்டு
வெட்டியும் இருக்கிறேன்.

ஆறேகாலுக்குப் பாண் ஓட்டோ
அதே மெட்டோடு ஒழுங்கைக்குள் திரும்பும்.
கொப்பி மூடும் மணி அது.
ரோஸ் பாண், பிளேன்டீ,
ஒன்பதுக்குக் காலி வீதி மூக்குக்கண்ணாடிக் கடையில்
மற்றவர் பார்வைக்கு பில் போடும் வேலை.

ஆடியில் டெங்கு.
செட்டியார் தெரு நகைக்கடைக் கலண்டரில்
பதினொரு கட்டம் வெள்ளை.
அறைத்தோழி கிறிஸ்டபெல்
இரவு வேலை முடித்து, நர்ஸ் சப்பாத்தோடே கட்டிலில் சாய்ந்து,
"எல்லாம் முதலில இருந்தோ?" என்றாள்.
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.
நூல் அறுந்தால்
உதிர்ந்த மணியையும் சேர்த்துக் கூட்டித் தள்ளுகிறவள் நான்.
பன்னிரண்டாம் நாள்,
நாக்கில் குளிசைக் கசப்பு,
கதிரையை இழுத்தேன்.
இருந்தேன்.
மேசையில் தலை வைத்துத் தூங்கிப்போனேன்.
அன்றைக்கும் ஒரு புள்ளடி போட்டேன்.
கள்ளப் புள்ளடி என்று யாரும் சொல்லலாம்.
கீழே மாமி இருமினாரே.

பரீட்சை மண்டபம் பம்பலப்பிட்டியில்.
கதிரைக்கு நாலு காலும் சமம்.
ஆடாத கதிரையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.
பத்து நிமிஷம்.
ஃபேன் சுற்றுகிறது.
பக்கத்துப் பெடியன் இரண்டாம் பக்கம் திருப்புகிறான்.
மெல்லக் குனிந்து
இடது செருப்பைக் கழற்றி
ஒரு காலுக்குக் கீழே தள்ளினேன்.
டொக்.
மண்டபத்தில் நாலரை ஆனது.
எழுதத் தொடங்கினேன்,
ஒரு கால் வெறுங்காலாக.

முடிவு வர இன்னும் ஆறு கிழமை.
இன்று அலாரம் வைக்கவில்லை, விழிப்பு வந்தது.
படிக்க ஏதுமில்லை.
இழுத்தேன்.
இருட்டு, உப்புக் காற்று,
வெறும் மேசையில் என் இரண்டு கை.
கிறிஸ்டபெல் கதவைத் திறந்து
"விசரி, சோதினைதான் முடிஞ்சுதே" என்றாள்.
ஓம் என்றேன்.
வாளிக்குள் அரிசி நடுங்கியது.
ரயில் இன்னும் வரவில்லை.