வரிக்கு முப்பத்தேழு எழுத்து

பிரிக்ஃபீல்ட்ஸில் புடவைக் கடைக்கு மேலே
நாலாவது மாடி.
தமிழ்ப் படங்களுக்கு அடியில்
மலாய் வசனம் தட்டுவது என் வேலை.
நிமிடத்துக்கு ஆறு வெள்ளி.
வரிக்கு முப்பத்தேழு எழுத்து.
மூன்றாவது வரி விழுந்தால்
நடிகரின் தாடை மறைந்துவிடும்
என்பார் தேவசகாயம்.

இன்று மேசைக்கு வந்திருப்பது
எனக்குத் தெரிந்த படம்.
பதினோரு வயதில், செந்தூல் அடுக்குமாடியில்,
பரிமளா அக்கா வீட்டு வீடியோவில்
பதினேழு பேர் தரையில் நெருக்கியடித்துப் பார்த்தது.
கதாநாயகனை மறந்துவிட்டேன்.
மறக்காதது
சந்தைக் காட்சியில் நாற்பது விநாடி வருகிற ஓர் ஆள்.
கிளிப்பச்சைப் புடவை, ஒரு பக்கம் நழுவிய சவுரி,
இடுப்பை ஒடித்து ஒரு நடை.
பெயர் கிடையாது,
கடைசியில் ஓடும் பட்டியலிலும்.
அந்த நடையையே பெயராக்கி
மறுநாள் பள்ளி பஸ்ஸில் எனக்கு வைத்தார்கள்.
மூன்று வருஷம்
அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஒரு மணி பதினாலு நிமிடம் இருபத்திரண்டு விநாடி.
நகைச்சுவை நடிகர் கேட்கிறார்:
"ஏம்ப்பா, வர்றது அவனா அவளா?"
பக்கத்தில் இருப்பவர்:
"ரெண்டும் இல்லண்ணே, அது."
சிரிப்பு.

தட்டினேன்.
அவனுக்கு மலாயில் டியா.
அவளுக்கும் டியா.
வர்றது டியாவா டியாவா?
ரெண்டும் இல்லண்ணே, டியா.

இருபத்தெட்டு வருஷமாக வெடித்த வரி
நமத்த பட்டாசாய்க் கிடந்தது.

கிளந்தானில் தன் அம்மா
ஒரு தமிழ்ப் படத்தையும் விடமாட்டார் என்பாள்
அடுத்த மேசை ரொஸ்னா.
அந்த அம்மாவை நினைத்துப் பார்த்தேன்.
சந்தைக்கு யாரோ வருகிறார்.
யாரென்று கேட்கிறார்கள். அவர் என்கிறார்கள்.
சரி, வரட்டும் என்று
இன்னொரு கெரோப்போக் எடுப்பார்.

தேவசகாயம் பின்னால் வந்து நின்றார்.
கெட்டவர் இல்லை.
மகள் கல்யாணப் பத்திரிகையில்
என் பெயருக்கு முன்னால் திருவா, செல்வியா என்று
ரொம்ப நேரம் யோசித்து
இரண்டையும் போடாமல் தந்தவர்.
"ஜோக் எங்கே போச்சு?"
"மலாய்ல அது வராது சார்."
"ஏன் வராது? போண்டான்னு போடு. ஆறே எழுத்து."

உண்மைதான். வரும்.
பஸ் ஓட்டுநர் பக்காரும்
கண்ணாடியில் என்னைப் பார்த்து
அந்த ஆறெழுத்தைத்தான் சொல்வார்.
எந்த மொழிக்கு அந்த வறுமை வந்தது?

அவர் போனபின்
காட்சியை முன்னும் பின்னும் ஓட்டினேன்.
சிரிப்பு முடிந்து கேமரா திரும்புவதற்குள்
பதினோரு ஃபிரேம்.
அரை விநாடிகூட இல்லை.
பச்சைப் புடவைக்காரர் தராசுக்குக் குனிந்து
சொத்தைக் கத்திரிக்காய் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு
நல்லதொன்றை வைக்கிறார்.
இயக்குநர் சொல்லியிருக்கமாட்டார்.
அத்தனை பேர் சிரிக்கிற இடத்தில்
காய் வாங்க வந்தவர்
காய் வாங்கியிருக்கிறார்.
நான் அந்த வயதில் பார்த்திருக்க வேண்டியது
இதுதான்.
தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

டியா, டியா, டியா என்றே விட்டு
கோப்பை அனுப்பினேன்.
நாளை திரும்பி வரலாம்.
ஆறு வெள்ளியில் பிடித்துக்கொள்ளட்டும்.

கடைசி கமுட்டர்.
பெண்கள் பெட்டியின் கதவில் இளஞ்சிவப்பு ஒட்டி:
உருண்டைத் தலை, முக்கோணப் பாவாடை.
இந்த ஊரில் பெண் என்றால்
அவ்வளவு கோடு போதும்.
அடுத்த பெட்டியில் படம் எதுவும் இல்லை.

என் அடையாள அட்டையின் கடைசி எண்
ஒற்றையா இரட்டையா என்று
இன்னும் தேடுகிறீர்களா?
பார்த்தேன், தட்டினேன், அனுப்பினேன் என்று
இவ்வளவு நேரம் சொல்லியிருக்கிறேன்.
அவன், அவள், அது என்று
ஊரையெல்லாம் பிரித்து வைத்த தமிழ்
நான் என்று வரும்போது மட்டும்
வாயைத் திறப்பதில்லை.

கதவு மூடப்போகும் மணி.
ஏறினேன்.