எட்டில் நாலு

பெல்லந்தூர்த் தண்ணீருக்குள் ஒளிந்திருந்த தடுப்புக்கல்
கடன்காரன் சட்டையைப் பிடித்தமாதிரி
என் வண்டியின் வலது ஃபுட்போர்டைப் பிடித்தது.
முன்பக்கக் கிளாம்ப் முறிந்து
ரோட்டில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தது பலகை.
துப்பட்டாவால் கதவுக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி,
அடுத்த பக்கமாக ஏறித் தாவி உட்கார்ந்து,
ஜே.சி. ரோடு வரை ஓட்டினேன்.
இறங்கியதும் இடதுபக்கமாகத்தான்,
என் வண்டிக்கே விருந்தாளிபோல.

வண்டி சுதர்சனின் தேர்வு. ஆறடிக்காரர்.
படியெல்லாம் எதுக்கு, பார்க்க அசிங்கம், என்றார்.
நான் நாலடி பத்து.
முதல் போனஸில் ஒரு ஜோடி வாங்கிப் பூட்டவைத்தேன்.
விவாகரத்துப் பத்திரத்தில்
வண்டி என் பெயருக்கு வந்தது.
படி அதற்கு முன்பே என்னுடையது.

அட்டையை விரித்து அடியில் புகுந்த ஷஃபியுல்லா
கால்கள் மட்டும் வெளியே தெரியப் பேசினார்:
"இது ஷோவுக்கு மேடம். மேல பிளாஸ்டிக், உள்ள தகரம்.
ஏறி நிக்கறதுக்கு இல்ல."
"ஆறு வருஷமா நிக்கறேனே?"
"அது உங்க வெயிட்டு."

துருவுக்கு எண்ணெய் அடித்தார். காத்திருந்தோம்.
டீ வந்தது, கிளாஸ் திரும்பிப் போனது,
ஒரு போல்ட்டு தலை மட்டும் தனியாக வந்தது.
பலகை கழன்றபோது
அதன் முதுகிலிருந்து உதிர்ந்தது ஒரு கூடை மண்:
ஹொசகோட்டைச் சிவப்பு, ஹெப்பாள் சாம்பல்,
நடுவில் நசுங்கிக் காய்ந்த ரோஸ் நிறப் பூக்கள்,
எந்த வருஷத்து மார்ச்சோ.

பிறகு அடியில் சத்தமில்லை.

"மேடம், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

எட்டுத் துளை.
நாலில்தான் போல்ட்டு இருந்திருக்கிறது.
மற்ற நாலில் மரை தேயவில்லை,
பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை.
அன்றைக்குப் பூட்டியவனுக்கு
பசியோ, போனோ, அடுத்த வண்டியோ.
இடது பக்கம் போய்ப் பார்த்தார்.
யாரும் ஏறாத பக்கம்.
எட்டும் இருந்தன.

சொல்ல வெட்கம், என் வேலை லிஃப்ட் ஆய்வு.
போன மாதம் மாரத்தஹள்ளியில்
ஒரு போல்ட்டு குறைகிறதென்று
பதினாலு மாடிக்காரர்களைப் படியேற வைத்தேன்.
மளிகைப் பையோடு நின்ற செயலாளர் கேட்டார்:
"மத்தது எல்லாம் இருக்கே மேடம், தாங்காதா?"
தாங்கும் சார், என்றேன்.
தாங்குறது வேற, பூட்டியிருக்கிறது வேற.

நல்ல வாக்கியம் என்று நினைத்துக்கொண்டு
அன்றைக்கும் வாசலில் வந்து
இந்த நாலின்மேல்தான் கால் வைத்திருப்பேன்.

சிரிப்புத்தான் வந்தது. ஷஃபியுல்லா பயந்துபோனார்.

ஒற்றையாகக் கிடைக்காதாம், ஜோடிதான்.
அலுமினியம் ஏழாயிரத்தி ஐந்நூறு என்றார்.
ஆறாயிரத்தி எண்ணூறில் வந்து நின்றது,
துருவைச் சுரண்டிக் கறுப்பு அடிப்பது உட்பட.
கழற்றின இடது பலகைக்கு முந்நூறு கொடுத்தார்.
"ஒத்தையை யார் வாங்குவா?"
"வருவாங்க மேடம். இந்த ஊர்ல ஆட்டோ எல்லாம்
இடது பக்கமாத்தான் நுழையும்."

கடைசி முறுக்கு முடிந்ததும்
அட்டையில் நான் படுத்தேன்.
புடவைக்காரி எதிர்க்கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.
டார்ச்சை வாயில் கவ்வி
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
பதினாறு.
இன்னொரு தடவையும் எண்ணினேன்.
"பில்லிலயே எழுதித் தரவா மேடம்?"
கிண்டல்தான். எழுதச் சொன்னேன்.

துப்பட்டாவை அவிழ்த்து உதறினேன், கறை போகாது.
வலது கதவைத் திறந்து காலைத் தூக்கினேன்.
புதுப் படி அரை அங்குலம் தாழ்வு.
பழைய உயரத்தில் கால்
ஒரு நொடி காற்றை மிதித்தது,
பிறகு கீழே,
டக்கென்று அலுமினியம்.